சாணைக்காரர் முதல் பாலிஷ் மெஷின் வரை

சென்ற வாரம் மாலை கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு அலுவலகத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து கோப்பு எழுதிய நண்பர் ஒருவர் வழிமறித்தார். அவருடைய மகன் வெளிநாடு போகும்போது மோட்டார் சைக்கிளை அப்பாவிடம் விட்டுப் போயிருக்கிறான். கடற்காற்றில் அதன் அலாய் சக்கரங்கள் மங்கி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டன. வீட்டிலேயே பாலிஷ் போட்டுவிடலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனாராம். கடைக்காரர் மூன்று மெஷின்களை எடுத்து வைத்திருக்கிறார்: டிரில், பாலிஷர், நாலு அங்குல கிரைண்டர்.

"கிரைண்டர்தான் மலிவு முசே. அதையே வாங்கிடட்டுமா? நீங்கதான் இதிலெல்லாம் கை வெச்சவராச்சே" என்றார்.

"விலையைக் கேட்டீங்களே, வேகத்தைக் கேட்டீங்களா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் வயதில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஏதாவது மெஷினைக் கையில் எடுக்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு உதவட்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் வருவார். மரச்சட்டத்தைத் தோளில் சுமந்து வந்து இறக்கி வைப்பார். மேலே கல் சக்கரம், கீழே கால் மிதி, இரண்டையும் இணைக்கும் தோல் வார். அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வருவார்கள். அவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றும், பொறி பறக்கும். நாங்கள் வாய் பிளந்து பார்ப்போம்.

அதே ஆளை நான் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு வாசகப் புத்தகத்தில் படமாகப் பார்த்தேன். தொப்பி வைத்திருந்தார், மீசை வேறு மாதிரி இருந்தது. ஆனால் சட்டமும் சக்கரமும் மிதியும் அதேதான். கீழே 'ரேமுலேர்' என்று போட்டிருந்தது. அந்தத் தொழிலாளிக்குப் பிரெஞ்சில் இன்னொரு பழைய பெயரும் உண்டு: 'கான்யு பெத்தி', அதாவது கொஞ்சமாகச் சம்பாதிக்கிறவன். எங்கள் தெருவுக்கு வந்தவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

அந்தச் சக்கரத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. காலை எடுத்தால் நின்றுவிடும். எவ்வளவு மிதித்தாலும் ஒரு மனிதக் காலின் பலத்துக்கு மேல் அது சுற்றாது. ஒரு அடி அகலச் சக்கரம் நிமிடத்துக்கு 200 முறை சுற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சைக்கிளில் மெதுவாகப் போகிற வேகம். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். இரும்பைத் தேய்க்க இரும்பைவிடக் கடினமான பொருள் வேண்டும். நம் நாட்டில் அதற்குப் பழங்காலத்திலிருந்து கிடைத்தது குருந்தக்கல். சேலம் பக்கத்திலும் கிடைத்தது. அதைப் பொடி செய்து அரக்கோடு கலந்து வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். கத்திக்கு மட்டுமில்லை, ரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டவும் அதுதான். வேடிக்கை என்னவென்றால் மாணிக்கமும் நீலமும்கூட வேதியியல்படி குருந்தம்தான். நிறம்தான் வேறு. வைரத்துக்கு 10 என்று மதிப்புப் போடும் கடினத்தன்மை அளவில் குருந்தத்துக்கு 9.

18ஆம் நூற்றாண்டில் இந்தக் கல் ஐரோப்பிய அறிஞர்கள் கையில் சிக்கியது. சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனுக்கு வந்திருந்த கோன்த் தெ பூர்னோன் என்ற பிரபு, 1802இல் அதன் படிக வடிவங்களை விரிவாக எழுதினார். அவர்கள் கல்லை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்கச் சொல்லும் 'கொரண்டம்' என்ற சொல் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். நம் வீட்டு எமரி பேப்பருக்குப் பெயர் தந்த எமரி என்பதும் குருந்தம்தான், கூடவே இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவு அதற்குப் பெயர் போனது.

மனிதக் கால் மிதித்த வரையில் சாணை ஒருவரையும் பெரிதாகக் கொல்லவில்லை. ஆற்று நீரை வைத்துச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தபோதுதான் கதை மாறியது.

பிரான்சின் நடுப்பகுதியில் ஓவெர்ன் வட்டாரத்தில் தியேர் என்று ஓர் ஊர். கத்திக்குப் பெயர் போனது. அங்கே துரோல் என்ற சிற்றாற்றின் கரையோரம் வரிசையாகச் சாணைப் பட்டறைகள் இருந்தன. தொழிலாளிகள் உட்காரவோ நிற்கவோ மாட்டார்கள். சுற்றும் கல்லுக்கு மேலே பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தியை இரண்டு கையாலும் கல்லின் மேல் அழுத்துவார்கள். கீழே ஓடுவது குளிர்ந்த ஆறு. கால் விறைத்துப் போகாமல் இருக்கத் தங்கள் நாயைக் காலின் மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள். கல்லிலிருந்து தெறித்த மஞ்சள் சேறு வயிற்றில் அப்பிக்கொள்ளும். அதனால் அவர்களுக்கு 'மஞ்சள் வயிறுகள்' என்றே பெயர். பிரெஞ்சில் 'வாந்த்ர் ழோன்'. நான் அந்தப் பட்டறைகளின் பழைய புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். வரிசையாகப் படுத்திருக்கும் மனிதர்கள், அவர்கள் காலில் சுருண்டிருக்கும் நாய்கள். முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் இதே தொழிலுக்குப் பேர் போன ஊர் ஷெஃபீல்டு. அங்கே தண்ணீர் ஊற்றித் தேய்ப்பவர்கள், உலர்ந்த கல்லில் தேய்ப்பவர்கள் என்று இரண்டு வகை. முள்கரண்டி போன்றவற்றை உலர்ந்த கல்லில்தான் தேய்த்தார்கள். கல் தூசியும் இரும்புத் தூசியும் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஊர் டாக்டர் நைட் என்பவர் இதைக் கவனித்து எழுதினார். 1845இல் வெளிவந்த தம் நூலில் எங்கல்ஸ் அவரை எடுத்துக்காட்டுகிறார்: உலர்ந்த கல்லில் தேய்ப்பவர்களின் சராசரி ஆயுள் 35 வயதை எட்டுவதே அபூர்வம். தண்ணீர் ஊற்றித் தேய்ப்பவர்கள் 45 வயதைத் தாண்டுவது அபூர்வம். இரண்டுக்கும் நடுவே பத்து வயது. அந்தப் பத்து வயதைக் கொடுத்தது ஒரு குவளைத் தண்ணீர்.

அதைவிட என்னை உலுக்கிய செய்தி ஒன்று அதே நூலில் இருக்கிறது. தூசியை இழுத்து வெளியேற்றும் கருவிகள் அப்போதே இருந்தன. தொழிலாளிகளில் சிலரே அவற்றை வேண்டாம் என்றார்களாம். ஆயுள் கூடினால் தொழிலுக்கு ஆள் பெருகும், கூலி குறையும் என்ற பயம். வயிற்றுக்காக நுரையீரலை விற்றிருக்கிறார்கள்.

அடுத்தது மின்சாரத்தின் காலம். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சஸன் என்பவர், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் கடுமையாகச் சூடாக்கிப் பார்த்தார். மின்னும் சிறு படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அது உண்மையில் சிலிக்கன் கார்பைடு, குருந்தம் அதில் இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. நம் குருந்தம் அந்தப் பெயருக்குள் உட்கார்ந்து அமெரிக்காவில் பிரபலமானது. 1954இல் முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. தமிழ்நாட்டை விட்டுப் போன ஒரு சொல் உலகைச் சுற்றிவிட்டுச் சாணைக்கல்லோடு திரும்பி வந்தது.

கல் பலமானதும், அதைச் சுற்றும் கையும் பலமானது. 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பெனி கையில் பிடித்து வேலை செய்யும் மின்சார டிரில்லைச் செய்தது. 1917இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர், துப்பாக்கி போன்ற கைப்பிடியும் விசையும் வைத்த டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நம் வீட்டில் இருக்கும் டிரில்லின் உருவம் அதுதான். 1946இல் அந்தக் கம்பெனி பட்டறைக்கு இல்லாமல் வீட்டு உபயோகத்துக்கென்றே டிரில்களை விற்க ஆரம்பித்தது. பட்டறைக்குள் இருந்த வேகம் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

1954இல் ஜெர்மனியில் அக்கர்மன் அண்ட் ஷ்மித் கம்பெனி அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டு வந்தது. 'ஃபிளெக்ஸ்' என்பது அவர்களுடைய வணிகப் பெயர். ஜெர்மானியர்கள் இன்றும் கிரைண்டரால் அறுப்பதை 'ஃபிளெக்ஸன்' என்று வினைச்சொல்லாகவே சொல்கிறார்கள். நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் போனால் "ஏஜி ஃபோர் எடுடா" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். இரும்பை அறுக்க, வெல்டிங் பிசிறைத் தேய்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் அது பிறந்தது அந்த வேலைக்கு.

இப்போது முன்பு சொன்ன கணக்கை எடுப்போம். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். சாணைக்காரர் சைக்கிளில் போனார் என்றால் இது ரயிலைவிட வேகம். சாதாரண கிரைண்டரில் இந்த வேகத்தைக் குறைக்கவும் முடியாது. போட்டால் 11,000, அணைத்தால் பூஜ்யம். அணைத்த பிறகும் உடனே நிற்காது.

இதுவரை இரும்பின் கதை. நண்பருடைய சக்கரம் அலுமினியம். அது வேறு சாதி உலோகம்.

அலுமினியம் ஒரு காலத்தில் அரண்மனைப் பொருள். பிரான்சில் சேந்த்-கிளேர் தெவில் என்ற வேதியியலாளர் 1854இல் அதைப் பிரித்தெடுக்கும் வழியைச் செம்மைப்படுத்தினார். அடுத்த வருடம் பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டிகளை விலையுயர்ந்த பொருளாகக் காட்சிக்கு வைத்தார்கள். 1886இல் பிரான்சில் போல் எரூ, அமெரிக்காவில் சார்லஸ் ஹால் என்ற இரு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியம் எடுக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இருவரும் இறந்தது 1914. அதன் பிறகுதான் அலுமினியம் நம் வீட்டுச் சோற்றுப் பானை வரை இறங்கி வந்தது.

சக்கரத்துக்கு வந்ததும் பிரான்சில்தான் முக்கியமான படி. அல்சாஸ் பகுதியின் மோல்சைம் ஊரில் கார் செய்துகொண்டிருந்த எத்தோர் புகாத்தி, 1924 ஆகஸ்டில் லியோன் கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு டைப் 35 கார்களைக் கொண்டு வந்தார். அவற்றில் கம்பிச் சக்கரம் இல்லை. எட்டுத் தட்டையான ஆரங்களோடு அலுமினியத்தில் வார்த்த சக்கரம். பிரேக் டிரம்மும் அதோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. அன்று டயர்கள் காலை வாரியதால் பந்தயத்தில் ஜெயிக்கவில்லை. ஆனால் சக்கரம் ஜெயித்துவிட்டது. 1948இல் அமெரிக்காவின் அல்கோவா கம்பெனி லாரிகளுக்கு அடித்து வடித்த அலுமினியச் சக்கரத்தைக் கொண்டு வந்தது. இன்று பையன்கள் ஓட்டும் பைக்கில்கூட அலாய் சக்கரம்தான்.

இந்த அலுமினியம் ஏன் மங்குகிறது? காற்றுப் பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். வேதியியல்படி குருந்தமும் அதே பொருள்தான்! உலோகத்தைக் காப்பாற்றுவது அந்தப் படலம். ஆனால் கடற்கரை ஊரில் உப்பு அதைத் துளைத்து உள்ளே அரிக்கிறது. வெள்ளைப் பூப்பு அதனால்தான். பாலிஷ் என்பது அந்தப் பூப்பையும் மேற்பரப்பின் சிறு கீறல்களையும் சமமாக்குவது. உலோகத்தை அகழ்வதில்லை.

இதையெல்லாம் நான் முன்பே தெரிந்து வைத்திருந்தேனா என்று நண்பர் கேட்டார். இல்லை. தெரிந்திருந்தால் என் தம்பியின் சக்கரம் இன்று தப்பியிருக்கும்.

தம்பி இறந்த பிறகு அவனுடைய மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓட்டுவதற்காக இல்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த வண்டி தூசி படிந்து நிற்பதை எனக்குப் பார்க்க முடியவில்லை. அவன் முதல் வருட நினைவு நாளுக்குள் சுத்தம் செய்து அவன் மகனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சக்கரத்துப் பெயிண்ட் உரிந்திருந்தது. தெரிந்த பட்டறையில் கிரைண்டர் இரவல் வாங்கி, எமரி இதழ்கள் அடுக்கிய தட்டை மாட்டி, ஆரத்தின் மேல் வைத்தேன்.

இரண்டு நிமிஷம் நன்றாக வந்தது. மூன்றாவது நிமிஷம் தட்டின் விளிம்பு ஆரமும் வளையமும் சேரும் மூலையில் மாட்டியது. மெஷின் உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பியது. தட்டின் ஒரு துண்டு பிய்ந்து வந்து மூக்குக்கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி விரிசல் விட்டது, கண் தப்பியது. அது எழுத்து படிக்கும் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடிகூட இல்லை. அன்று அதைப் போட்டுக்கொண்டதே தற்செயல்.

சக்கரத்தைப் பார்த்தேன். ஆரத்தின் அடியில் நகம் பதிகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், மறைச்சிடலாம். ஆனா இந்த இடத்துலதான் பாரம் எல்லாம் வந்து நிக்கும். இந்தச் சக்கரத்துல தம்பி புள்ளைய ஓட்ட விடாதீங்க" என்றார். புதுச் சக்கரம் வாங்கிப் போட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன். தம்பி துடைத்த சக்கரம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், பழைய பாத்திரங்களில் பழகினேன். இப்போது நண்பருக்குச் சொன்னது இதுதான்.

முதலில் சக்கரம் எது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் இருக்கும் குரோமிய முலாம் பூசிய இரும்பு வளையத்துக்கு எமரியும் பஃப்பும் வேண்டாம். மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம், தேய்த்தால் போய்விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அலாய் சக்கரம் என்றால், மூலையில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் வெறும் அலுமினியம், பாலிஷ் போடலாம். கருக்காவிட்டால் மேலே பெயிண்டோ வார்னிஷோ இருக்கிறது. அதை உரிக்கும் பூச்சால்தான் எடுக்க வேண்டும், கிரைண்டரால் அல்ல. விரிசலோ வளைவோ கண்ணில் பட்டால் பாலிஷே வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடுத்து மெஷின். மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு, விசையை அழுத்த அழுத்த வேகம் கூடுகிற டிரில் போதும். பக்கவாட்டுக் கைப்பிடி இருக்க வேண்டும். சுவரில் துளை போடும் ஹேமர் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்க வேண்டும். மூன்று அங்குலத் துணி பஃப்பும், ஆர இடுக்குகளுக்குக் கூம்பு வடிவப் பஃப்பும் மாட்டிக்கொள்ளலாம். 2,500 சுற்றில் மூன்று அங்குலப் பஃப்பின் விளிம்பு மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர்தான். ஸ்கூட்டர் வேகம். டிரில்லின் உள்ளிருக்கும் பேரிங் நேராகக் குத்துவதற்குச் செய்தது, பக்கவாட்டில் அழுத்தினால் சீக்கிரம் தேயும். அதனால் லேசாகத் தொட்டால் போதும். பஃப்தான் வேலை செய்ய வேண்டும், நம் கை பலம் அல்ல.

கார் சக்கரம், அகலமான முகப்பு என்றால், வேகத்தைத் திருகிக் குறைக்கிற பாலிஷர் நல்லது. 600லிருந்து 3,000 சுற்று வரை வைத்துக்கொள்ளலாம். ஏழு அங்குலப் பஞ்சோடு 1,500இல் ஓட்டினால் மணிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ் வேகம். நம் வயதுக்கு அது போதும். கிரைண்டரில் பஃப் மாட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னால், பஃப்பின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றைப் படித்துப் பாருங்கள். மெஷினின் வேகம் அதைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பஃப் பிய்ந்து பறக்கும்.

வேலையில் முக்கால்வாசி மெஷின் இல்லாமலே முடிந்துவிடும். வாட்டர் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனி கொண்டு வந்த சரக்கு அது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம், தூசி பறக்காது. ஷெஃபீல்டுத் தொழிலாளிக்குப் பத்து வயது கொடுத்த அதே தண்ணீர்தான். 400இல் ஆரம்பித்து 800, 1,200, 2,000 என்று போங்கள். ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய நம்பரின் கீறல் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசியில்தான் பஃப். முதலில் பழுப்பு நிறச் சோப்பு, அதற்கு டிரிப்போலி என்று பெயர், லிபியாவின் அந்த ஊர்ப் பெயரால் வந்தது. பிறகு மெல்லிய வெள்ளைச் சோப்பு. ஒவ்வொரு சோப்புக்கும் தனிப் பஃப் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு தேய்த்த பஃப்பையும் கல்லையும் அலுமினியத்தில் வைக்காதீர்கள். இரும்புத் துகள் பதிந்து பிறகு துருவாக வரும். அலுமினியத் தூசியும் இரும்புத் துருவும் கலந்த இடத்தில் பொறி விழுந்தால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. ரயில் தண்டவாளத்தை இணைக்கிறார்களே, அந்தச் சூடு வருவது இந்த இரண்டும் சேர்வதால்தான். பெஞ்ச் கிரைண்டர் கல்லில் அலுமினியம் தேய்த்தால் துவாரங்கள் அடைத்துக் கல் சூடேறி வெடிக்கக்கூடும்.

கடைசியாக உடை. வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக்கை, பூணூல், கழுத்துச் சங்கிலி எதுவும் சுற்றும் பஃப்புக்குப் பக்கத்தில் கூடாது. துணிக் கையுறையும் கூடாது, பஃப் அதைப் பிடித்துக் கையோடு இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி கட்டாயம். சக்கரத்தைக் கழற்றி அசையாமல் கட்டிப் போடுங்கள். விளிம்பில் பஃப்பை வைக்கும்போது, அது விளிம்பை விட்டு வெளியே போகிற திசையில் சுற்ற வேண்டும். விளிம்பை நோக்கி வந்தால் மாட்டும். எனக்கு மாட்டியது அப்படித்தான்.

நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு மெஷின் வாங்கறதுக்கு இவ்வளவு சரித்திரமா முசே!" என்றார். மறுநாள் வேகம் மாற்றுகிற டிரில்லும் இரண்டு பஃப்பும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் பழகிப் பார்க்க ஏதாவது வேண்டும் என்றார். பின்கட்டுக்குப் போய்த் தம்பியின் சக்கரத்தை எடுத்து வந்தேன்.

இரண்டு பேரும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். அவர் தண்ணீர் ஊற்ற நான் தேய்த்தேன், நான் ஊற்ற அவர் தேய்த்தார். கடைசி நாள் பஃப் ஓட்டியபோது ஆரத்தில் எங்கள் முகம் தெரிந்தது. அடியில் அந்தப் பள்ளமும் தெரிந்தது, முன்னைவிடப் பளிச்சென்று. நண்பர் அதைத் தேய்த்துச் சமமாக்கிவிடலாமா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். மெழுகு பூசி, துணி சுற்றி, திரும்பப் பின்கட்டில் வைத்துவிட்டேன். இனி அவருடைய சக்கரத்தை ஆரம்பிக்க வேண்டும்.